நுரையீரலில் நீர்: சமவெளியும் சிகரமும்

மூச்சுத் திணறி, படுக்க இயலாமல், வாயில் நுரை தள்ள நள்ளிரவில் தூக்கிவரப்படும் இதய நோயாளிக்குப் பெரும்பாலும் உடனே போடப்படும் ஊசி லாசிக்ஸ். ஃப்ரூசிமைடு என்னும் இம்மருந்தை ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனம் 1960களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு மார்ஃபின், பாதரச ஊசி, கைகால்களில் இறுக்குப்பட்டை, ரத்தம் வடித்தல் ஆகியவையே வைத்தியம். இதயம் இறைக்கத் தவறியதால் நுரையீரலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் அற்புதமாகவே தோன்றியிருக்கும்.

அந்த அற்புதத்திற்கும் எல்லையுண்டு என்று உணர்த்தியது இமயமலை. 1962 சீனப் போரின்போதும் அதன் பின்னரும், சமவெளியில் வாழ்ந்த வீரர்கள் உடல் பழகுவதற்கு அவகாசமின்றி பெரும் உயரங்களுக்கு அனுப்பப்பட்டனர். இதயத்தில் குறையேதுமற்ற இளைஞர்கள் ஓரிரு நாட்களில் இருமலும் நுரையுமாகச் சரிந்தனர். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவரது குழுவினரும் இந்நோயை ஆராய்ந்து 1965இல் லான்செட் இதழில் எழுதினர். 1969இல் வெளியான அவர்களது அடுத்த ஆய்வு, 11,000 முதல் 18,000 அடி வரையிலான உயரங்களில் நோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றியது. நோயுற்றோருக்குச் சிறுநீர் குறைவதைக் கண்டிருந்த அவர்கள் ஃப்ரூசிமைடையே கையாண்டனர். அன்றைய அறிவுக்கு அது நியாயமான முடிவுதான்.

ஆனால் மலையில் தவறுவது இதயமன்று. பிராணவாயு குறையும்போது நுரையீரலின் தமனிகள் சீரற்றுச் சுருங்குகின்றன. அழுத்தம் ஏறி, நுண்குழாய்கள் கசிகின்றன. உடலோ ஏற்கெனவே நீர் வற்றிக் கிடக்கும். இருக்கும் நீரையும் வெளியேற்றினால் ரத்த அழுத்தம் வீழக்கூடும். 1989இல் ஆல்ப்ஸில் 4,559 மீட்டர் உயரத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள் ஆறு நோயாளிகளுக்கு, தமனிகளைத் தளர்த்தும் நிஃபெடிபைனைக் கொடுத்தனர். கீழே இறக்காமலேயே அவர்கள் தேறினர்.

இன்று மலைநோய்க்கு முதல் சிகிச்சை பிராணவாயுவும் கீழிறங்குதலும். அவை வாய்க்காதபோது நிஃபெடிபைன். லாசிக்ஸ் பரிந்துரைக்கப்படுவதில்லை. இந்தர் சிங்கின் சிகிச்சை வழக்கொழிந்தது. அவர் படுக்கையருகே நின்று எழுதிய நோய்க்குறிகளை மருத்துவ உலகம் இன்றும் மேற்கோள் காட்டுகிறது. அவ்வீரர்கள் பெயரற்ற எண்களாக அக்கட்டுரைகளில் எஞ்சியிருக்கிறார்கள். இன்று மலையேறும் வீரனைப் படிப்படியாக உயரத்துக்குப் பழக்கும் ஒழுங்கில் அவர்கள் பட்ட பாட்டுக்கும் பங்குண்டு.