முத்துக் குத்தகையில் வென்றது யார்?

1989இல் ஹெர்ஷல் வாக்கர் என்ற ஒரே வீரருக்காக, அமெரிக்கக் கால்பந்தின் மினசோட்டா அணி பல வீரர்களையும் எதிர்காலத் தேர்வு உரிமைகளையும் டாலஸ் அணிக்கு அள்ளிக் கொடுத்தது. ஏமாந்த பேரத்துக்கு இன்றும் அதையே உதாரணம் காட்டுவார்கள். மன்னார்க் கடலின் பேரம் அதற்கும் மூத்தது.

1905இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் இலங்கை அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய். மறு ஆண்டே முத்துப் பார்களை, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம், 20 ஆண்டுகளுக்கு லண்டன் கம்பனி ஒன்றுக்கு அரசு குத்தகைக்கு விட்டது. பார்ப்பவருக்கு அரசுதான் ஏமாந்தது. ஆனால் 1907க்குப் பின் பல ஆண்டுகள் குளிப்பே நடக்கவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி மூடப்பட்டது.

அரசு வென்றது என்று இதை எழுதிவிட எனக்கு மனமில்லை. மூச்சடக்கிக் கடலில் இறங்கி, மூன்றில் ஒரு பங்கு சிப்பியைக் கூலியாகப் பெற்றவர்கள் அந்தப் பேரத்தில் ஒரு தரப்பாகவே இருக்கவில்லை. குளிப்பு நின்றபோது அவர்களுடைய பங்கும் நின்றது.