நீம் நகரச் சின்னம்

தென் பிரான்சிலுள்ள நீம் நகரின் மரபுச் சின்னம். சிவப்புக் களத்தில் ஒரு பனைவகை மரம். அதில் சங்கிலியால் பிணைத்த முதலை. கூடவே 'கோல் நெம்' என்ற சுருக்கெழுத்து. 'நெமவுசுஸ் குடியிருப்பு' என்பது அதன் பொருள். நெமவுசுஸ் ஊரின் உரோமானியப் பெயர்.

முதலையே இல்லாத ஊருக்கு முதலை எப்படி வந்தது? ஊர்க்கதை இப்படிப் போகும்: பின்னாளில் உரோமானியப் பேரரசரான அகஸ்டஸுடன் எகிப்தில் போரிட்டு, அவரது எதிரி ஆண்டனியையும் எகிப்து அரசி கிளியோபாட்ராவையும் வீழ்த்திய வீரர்களுக்கு ஓய்வுக்காலப் பரிசாக இங்கே நிலம் கிடைத்தது, அவர்கள் நைல் நதியின் நினைவைக் கையோடு கொண்டுவந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படியொரு குடியேற்றம் நடந்ததற்கு உறுதியான சான்று இல்லை.

கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று ஒரு நாணயம். உரோமானியர் காலத்தில் இவ்வூரில் அச்சான அதன் முன்புறத்தில் அகஸ்டஸும் தளபதி அக்ரிப்பாவும் முதுகோடு முதுகு ஒட்டி, ஆளுக்கொரு திசை பார்க்கிறார்கள். பின்புறத்தில் கட்டுண்ட முதலை, அதாவது அடங்கிய எகிப்து. சில்லறைக்காக இந்தக் காசை நடுவே வெட்டியதும் உண்டு. தலைக்கு ஒரு துண்டு. ஆக, கதை முதலையைக் கொண்டுவரவில்லை. முதலைதான் கதையைக் கொண்டுவந்தது எனலாம்.

1535இல் மன்னர் முதலாம் பிரான்சுவா இந்த நாணய உருவையே நகரச் சின்னமாக வழங்கினார். நகர மன்றத்தின் மாடிப்படிக்கு மேலே பாடம் செய்த முதலைகள் தொங்குகின்றன. 1980களில் வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க் சின்னத்துக்குப் புது வடிவம் தந்தார். ஊர்க் கால்பந்து அணிக்கும் பட்டப்பெயர் 'முதலைகள்'தான்.