நீர்ப்பாயம் வகுத்த குலவகைகள்
(கோழிகளின் சுவாச நோயொன்று பற்றிய வரலாற்று நோக்கு)

1931ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஷால்க், ஹோன் ஆகிய இருவர், கோழிக்குஞ்சுகளிடையே புதியதொரு சுவாச நோய் காணப்படுவதாக எழுதினர். தொற்றும் மூச்சுக்குழாய் அழற்சி என இன்று வழங்கும் நோய் அதுவேயாகும். அக்காலத்திற் பலர் அதனை ஏலவே அறியப்பட்டிருந்த குரல்வளை நோயின் மெலிந்த வடிவமெனவே கருதினர். ஒரு நோயிலிருந்து தேறிய கோழி மற்றைய நோய்க்கு ஆளாகின்றது என்பதைக் கொண்டு, 1936இல் பீச், ஷாம் ஆகியோர் இவை வெவ்வேறு வைரசுகளால் விளைவன எனக் காட்டினர். அடுத்த ஆண்டிலேயே பூடெற், ஹட்சன் என்போர் இவ்வைரசை முளையமுள்ள கோழிமுட்டையில் வளர்த்தனர். பின்வந்த ஆய்வுகளுக்கெல்லாம் அம்முட்டையே களமாயிற்று.

இந்நோய் குஞ்சுகளை மாத்திரம் வாட்டுவதன்று. முட்டையிடும் பேடுகளுக்கு வந்தால் முட்டைகளின் தொகை வீழும். ஓடு மெலிந்து சுருங்கும். வெண்கரு நீர்த்துப் போகும். ஆதலின் 1940களில் மசாசூசெற்சு மாநிலத்தில் வான் றோக்கல் துணிகரமானதொரு முறையைக் கையாண்டார். முட்டையிடும் பருவத்துக்கு முன்னரே, மந்தையின் ஒரு சில கோழிகளுக்கு உயிருள்ள வைரசை வேண்டுமென்றே புகுத்தினார். அவற்றிலிருந்து ஏனையவற்றுக்கும் நோய் பரவி, எல்லாம் தேறி, எதிர்ப்பாற்றல் பெற்றன. நோயைக் கொண்டே நோயைத் தடுத்த இம்முறையின் பின்னால் ஓர் எடுகோள் இருந்தது: வைரசு ஒன்றே, ஆகவே காப்பும் ஒன்றே என்பது. அதை அக்காலத்தில் எவரும் வினாவுக்குட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அவ்வெடுகோளைத் தகர்த்தது குருதிச் சோதனையே. குருதியை உறையவிட்டால் தெளிந்த நீர்ப்பாயம் பிரிந்து நிற்கும். நோயுற்றுத் தேறிய கோழியின் உடல் ஆக்கிய பிறபொருளெதிரிகள் அதனுள் உள்ளன. முட்டையில் வளர்ந்து பழகிய வைரசை அந்நீர்ப்பாயத்தோடு கலந்து, சில நாள் வளர்ந்த முளையங்களுட் செலுத்துவர். வைரசு அடங்காதிருப்பின் முளையம் வளர்ச்சி குன்றிச் சுருண்டுவிடும். அடங்கியிருப்பின் இயல்பாக வளரும். 1956இல் யுங்கர் முதலியோர் கனெற்றிக்கட்டில் 1951இற் கிடைத்த வைரசை மசாசூசெற்சு வைரசோடு இவ்வாறு ஒப்பிட்டனர். ஒன்றின் நீர்ப்பாயம் மற்றையதை அடக்கவில்லை. அதனினும் பாரதூரமானது, ஒன்றால் எதிர்ப்பாற்றல் பெற்ற கோழிகளை மற்றையது தாக்கியமையாகும். தடுப்பு மருந்திட்ட மந்தையும் நோயுறக் கூடும் என்பதற்கு ஆய்வுகூடத்திற் சான்று கிடைத்தது.

அதன்பின் வகைகள் பெருகின. ஆர்க்கன்சா, புளோரிடா, டெலவெயர், ஜோர்ஜியா என அவை பெற்ற பெயர்களை நோக்கின் ஐக்கிய அமெரிக்காவின் நிலப்படத்தைப் பார்ப்பது போலிருக்கும். மாநில எல்லையை வைரசு அறியாதெனினும், அதனைப் பிரித்தெடுத்த ஆய்வுகூடம் ஏதேனுமொரு மாநிலத்தில் இருந்துதானே ஆகவேண்டும்! ஒல்லாந்தர் எண்களை விரும்பினர்; 1970களின் பிற்பகுதியில் அங்கு கண்டவை டி 274, டி 1466 என்றவாறு குறிக்கப்பட்டன.

முட்டைச் சோதனை நம்பகமானது. ஆயினும் முட்டைகளையும் நாட்களையும் பெருமளவில் விழுங்குவது. செங்குருதிக் கலங்களைத் திரளச் செய்யும் வைரசாயின் வேலை எளிது. நீர்ப்பாயம் அத்திரட்சியைத் தடுக்கின்றதா என்பதைச் சில மணி நேரத்திற் கண்டுவிடலாம். இராணிக்கெற் நோய்க்கு இம்முறை 1940களிலேயே பயன்பட்டது. இவ்வைரசோ இயல்பாகக் கலங்களைத் திரட்டுவதில்லை. நியூரமினிடேசு என்னும் நொதியம் கலந்த சாற்றாற் பரிகரித்த பின்னரே திரட்டும். இங்கிலாந்தின் வெய்பிறிட்ஜ் ஆய்வுகூடத்தில் அலெக்சாந்தர், செற்றில் ஆகியோர் 1977இல் இதற்குரிய செய்முறையை வகுத்தளித்தனர்.

எனினும் விரைவு தெளிவைத் தந்துவிடவில்லை. முதன்முறை தொற்றுண்ட கோழியின் நீர்ப்பாயம் தன்னைத் தாக்கிய வகையைப் பெரும்பாலும் சரியாகவே சுட்டும். பன்முறை தடுப்பு மருந்தும் தொற்றும் பெற்ற முதிர்ந்த கோழியின் நீர்ப்பாயமோ, அது சந்தித்தேயிராத வகைகளையும் தடுக்கும். பண்ணைக் குருதியைக் கொண்டு வகை கூறுவதை ஐயத்துடனேயே ஏற்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணமாகும். நோயற்ற சூழலில் வளர்த்த கோழிகளுக்கு ஒரு வகையை மாத்திரம் செலுத்திப் பெற்ற நீர்ப்பாயமே அளவுகோலாகத் தகும்.

வைரசின் மேற்பரப்பு முனைப்புகளிலுள்ள எஸ் 1 என்னும் புரதமே இவ்வேறுபாடுகளுக்கு இருப்பிடமென்பது 1980களிற் புலனாயிற்று. அப்புரதத்தின் அமினோவமிலங்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று மாறினாலே நீர்ப்பாயம் இரு வைரசுகளை வேறுவேறெனக் கூறக்கூடும் என்பதும் பின்னர் அறியப்பட்டது. இன்று பரம்பரையலகின் தொடரை வாசித்தே பெரும்பாலும் வகை குறிக்கின்றனர்.

ஆனால் வேறு வகை என்பது காப்பற்ற வகை என்றாகுமா? 1990களின் தொடக்கத்திற் பிரித்தானியாவில் 4/91 என்னும் புதுவகை பரவியபோது இவ்வினா மீண்டும் எழுந்தது. 1999இல் ஜேன் குக் முதலியோர், மசாசூசெற்சு வகைத் தடுப்பு மருந்தையும் 4/91 வகையதையும் அடுத்தடுத்துக் கொடுத்த கோழிகள், குருதிச் சோதனை வேறெனப் பிரித்த பல வகைகளையும் எதிர்த்து நின்றதைக் காட்டினர். அங்கே தீர்ப்பளித்தது நீர்ப்பாயமன்று. வைரசு செலுத்தப்பட்ட கோழிகளின் வாதனாளியிலிருந்து வளையங்களை வெட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, அவற்றின் உட்புறத்து நுண்மயிர்கள் இன்னும் அசைகின்றனவா என்று நோக்கியே அவர்கள் காப்பினை அளந்தனர்.