சாமையும் நெல்லும்

பாண்டிச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அங்கே பிரெஞ்சுப் பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு 'எக்கோல் மத்தெர்னெல்' என்று பெயர். அதில் என்னைச் சேர்த்தபோது எனக்கு நாலரை வயது. ஒருநாள் மதாம் ஒரு படத்தைக் காட்டி, இது என்ன பழம் என்று கேட்டார். 'கொய்யா' என்றேன். ரூல்தடியால் உள்ளங்கையில் ஒரு அடி விழுந்தது. படத்தில் இருந்தது ஆப்பிள். அதுவரை நான் ஆப்பிளைக் கண்ணால் பார்த்ததில்லை. மேல் வகுப்புக்குப் போனதும் சரித்திரப் பாடம் வந்தது. நம் முன்னோர்கள் பழைய பிரான்சு தேசத்துக் கோல் இனத்தார் என்று, கறுத்த பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் ஒப்பித்தோம்.

இப்படி அடி வாங்கிய நானே பிற்காலத்தில் கல்வராயன் மலையில் ஒரு தப்பைச் செய்தேன்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உள்ள அந்த மலையில் வாழ்கிறவர்களை 'மலையாளி' என்பார்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்கிறவர் என்று பொருள் சொல்வார்கள். அரசுப் பட்டியலில் பழங்குடியினர், பேசுவது தமிழ். சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் மலை இருந்தது. குடிகள் அவர்களுக்குக் கூலியில்லாமல் 'வெட்டி' வேலை செய்ய வேண்டும். நாடு சுதந்திரம் பெற்று ஏறத்தாழ 30 வருஷம் கழித்து, 1976இல்தான் அந்த ஜாகிர்கள் அரசின் கைக்கு வந்தன. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு, 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கும் மையங்களில் சாப்பாடு கிடைத்தது.

அடுத்த வருஷம், எழுத்தனாக இருந்த நான் அதிகாரியோடு ஜீப்பில் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினேன். ஒரு பால்வாடியில் பதிவேடு பார்க்கிற வேலை. ஊர்ப் பெயர் வேண்டாம். கீழ்நாட்டிலிருந்து வந்திருந்த டீச்சரம்மா எங்களுக்குக் காட்டுவதற்காக, ஒரு சிறுமியிடம் நெற்கதிர்ப் படத்தைக் காட்டி என்ன என்று கேட்டார்.

"சாமை."

"பாத்தீங்களா சார், எத்தனை தடவ சொன்னாலும் ஏறமாட்டேங்குது" என்றார். நானும் சிரித்தேன். குறிப்பில் 'மந்தமான குழந்தை' என்று எழுதினேன்.

வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி சொன்னாள்: "எங்க காட்டுல வெளையுறதத்தானே அய்யா சொல்லும்?"

அந்த மலையில் அப்போது சாமை, தினை, கேழ்வரகுதான் வீட்டுச் சாப்பாடு. சாமைக் கதிரும் நெற்கதிரும் தூரத்துச் சொந்தம் போலத்தான் இருக்கும். தெரிந்ததை வைத்துத் தெரியாததைச் சொல்ல முயன்ற பிள்ளை எப்படி மந்தமாகும்? என் உள்ளங்கை அடி எனக்கு அப்போதே நினைவுக்கு வந்தது. ஆனாலும் அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார். எழுதியதை நான் அடிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு தாராபாய் மோடக் அம்மையாரைப் பற்றிப் படித்தேன். மகாராஷ்டிரத்தில் 1945இல் போர்டி என்ற ஊரில் ஏழைக் குழந்தைகளுக்காக வேலையைத் தொடங்கியவர். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகட்டும் என்பது அவர் வழி. அங்கன் என்றால் முற்றம். அதிலிருந்து வந்ததுதான் 'அங்கன்வாடி'. பிறகு அனுதாய் வாக்குடன் சேர்ந்து கோஸ்பாட் மலையில் வார்லிப் பழங்குடிப் பிள்ளைகளிடையே வேலை செய்தார். இலை, கல், விதை என்று பிள்ளைகளுக்குப் பழகிய பொருள்களே பாடக் கருவிகள். மத்திய அரசு 1975 அக்டோபர் 2 அன்று குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. பெயர் நம் மலைக்கும் வந்தது. முற்றம் வந்ததா என்பதுதான் கேள்வி.

எனக்குப் பள்ளியில் மொழியே வேறு. அந்தச் சிறுமிக்கு மொழி ஒன்றுதான், வயல்தான் வேறு. ஆகவே தாய்மொழியில் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. சாமையில் தொடங்கி நெல்லுக்கு வர வேண்டும்.

மலையாளிகளுக்கு முன்னோர் கதை ஒன்று உண்டு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் காஞ்சியிலிருந்து வந்து ஆளுக்கொரு மலைக்குப் போனார்களாம். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலிலும் இந்தக் கதை இருக்கிறது. மலையிலுள்ள ஒவ்வொரு அங்கன்வாடியிலும் வாரம் ஒருநாள் ஒரு பாட்டியை உட்காரவைத்து இதைச் சொல்லச் சொல்லலாம். அதற்குத் தனி நிதி எதுவும் வேண்டாம்.

அந்தச் சிறுமிக்கு இப்போது 45 வயதுக்கு மேல் இருக்கும். பேரப்பிள்ளையைக்கூட அங்கன்வாடிக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். அன்று நான் எழுதிய குறிப்பை இப்போதாவது இங்கே அடித்துவிடுகிறேன்.