நெஞ்சு கரிச்சா எல்லாமே 'கேஸ்' இல்லீங்க... உணவுக்குழாயையும் கொஞ்சம் கவனிங்க!

மயிலாப்பூர் மாடவீதியில் கொதிக்கக் கொதிக்க ஒரு ஃபில்டர் காபி. தி.நகரில் பர்ச்சேஸ் முடித்து, ராத்திரி பத்தரை மணிக்குப் பரோட்டா. வீட்டுக்கு வந்ததும் படுக்கை. நள்ளிரவில் நெஞ்சு எரியும், புளிச்ச தண்ணி தொண்டைவரை ஏறும். 'கேஸ்தான், ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்' என்று நாமே முடிவு செய்துவிடுவோம். ஆனால், இங்கே அவதிப்படுவது உங்கள் உணவுக்குழாய்!

என்ன வேலை அதற்கு?

தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும், சுமார் 25 செ.மீ. நீளத் தசைக்குழாய் இது. விழுங்கிய உணவை அலை அலையாகச் சுருங்கி, கீழே தள்ளிவிடும். தலைகீழாக நின்றாலும் நம்மால் விழுங்க முடிவது இதனால்தான். குழாயின் அடியில் கதவுபோல ஒரு தசை வளையம் உண்டு. உணவு வரும்போது திறந்து, உடனே மூடிக்கொள்ள வேண்டும்.

கதவு சரியாக மூடாவிட்டால்?

இரைப்பையின் அமிலம் மேலே ஏறும். அமிலத்தைத் தாங்கும் கவசம் இரைப்பைக்கு உண்டு; உணவுக்குழாய்க்கு அந்த அளவுக்கு இல்லை. அதனால் எரிச்சல், எதுக்களிப்பு, சிலருக்கு வறட்டு இருமல். தொப்பை, கர்ப்பம், புகை, மது, வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுப்பது எல்லாமே இதைத் தூண்டும். கதவு திறக்கவே மறுக்கும் பிரச்னையும் உண்டு. 'அகலேசியா' என்பார்கள். சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கும்.

அப்போ காபி கூடாதா?

சிலருக்குக் காபி நெஞ்செரிச்சலைக் கூட்டும், அவர்கள் குறைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கவனிக்க வேண்டியது சூட்டை. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் வகைப்படுத்தியது. நம்ம டபரா சும்மா இல்லை. நாலு ஆத்து ஆத்திக் குடிங்க!

வீட்டில் என்ன செய்யலாம்?

* சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்தே படுங்கள். இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது.
* தலையணையை அடுக்குவதைவிட, கட்டிலின் தலைப்பக்கத்தை அரை அடி உயர்த்துங்கள்.
* மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்குங்கள். பாதியில் ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க!

'இட்லிகூட இறங்க மாட்டேங்குது, தண்ணி குடிச்சுத்தான் தள்ள வேண்டியிருக்கு' என்று வீட்டில் யாராவது சொன்னால், அது கேஸ் இல்லை. காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, கறுப்பு மலம் ஆகியவையும் எச்சரிக்கை மணிகள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரைப்பை குடல் மருத்துவரைப் பாருங்கள். சில நிமிடங்களில் முடியும் எண்டோஸ்கோப்பி பல சந்தேகங்களைத் தீர்த்துவிடும். ஒருவேளை புற்றுநோயாகவே இருந்தாலும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நம்ம ஊரிலேயே இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதுதான் விஷயம்.

இன்னொன்று... நெஞ்சில் அழுத்தம், வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் மாத்திரை தேடாதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்!