எக்மோ இயந்திரம் தரும் அவகாசம்

2016 டிசம்பரில் ஜெயலலிதா, 2020இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம். இருவரின் கடைசி நாட்களிலும் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த சொல் 'எக்மோ'. இருவரும் மீளவில்லை. அதனால்தானோ என்னவோ, "எக்மோவில போட்டாச்சாம்" என்றதுமே எங்கள் வீடுகளில் பலர் நம்பிக்கையை விட்டுவிடுகிறார்கள். அந்த இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது என்பதை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

திறந்த இருதய சத்திரசிகிச்சையின்போது இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரம் சில மணிநேரம் ஏற்றுக்கொள்கிறது. 1953 மே 6 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வைத்தியர் ஜோன் கிப்பன் அதனை முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். அதே முறையை நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீடிப்பதே எக்மோ. குழாய் வழியே குருதியை வெளியே எடுத்து, காபனீரொட்சைட்டை நீக்கி, ஒட்சிசன் ஏற்றி மீண்டும் உடலுக்குள் செலுத்துவார்கள். 1975இல் கலிபோர்னியாவில் வைத்தியர் ரொபர்ட் பார்ட்லெட் இவ்வாறு ஒரு பச்சிளங்குழந்தையைக் காப்பாற்றினார். தாதியர் அக்குழந்தைக்கு இட்ட பெயர் எஸ்பெரான்சா; ஸ்பானிய மொழியில் 'நம்பிக்கை'.

எக்மோ நோயைக் குணப்படுத்தாது. உறுப்பு தேறும்வரை, அல்லது மாற்று இருதயம் கிடைக்கும்வரை அவகாசம் தரும். அதற்கு விலையும் உண்டு. குருதி உறையாமலிருக்க ஹெபாரின் கொடுப்பதால் குருதிப்பெருக்கு ஏற்படலாம். உறைந்தால் பக்கவாதம் வரலாம். காலின் நாடியில் குழாய் செலுத்தினால் அந்தக் காலுக்குக் குருதியோட்டம் குறையலாம். சத்திரசிகிச்சைக்குப் பின் இருதயம் தேறாமல் எக்மோவுக்குப் போகும் வளர்ந்தோரில் பாதிக்கும் குறைவானோரே வீடு திரும்புகிறார்கள்.

கடும் சுவாசச் செயலிழப்புக்கு உள்ளான 180 பேரை வைத்து பிரித்தானியாவில் நடந்த 'சீசர்' ஆய்வு 2009இல் வெளியானது. லெஸ்டர் எக்மோ நிலையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 63 வீதத்தினர் ஆறு மாதங்களின் பின் கடும் இயலாமையின்றி உயிருடன் இருந்தார்கள். வழமையான சிகிச்சை பெற்றவர்களில் அது 47 வீதம். ஆனால் அங்கு அனுப்பப்பட்ட 90 பேரில் 68 பேருக்கே எக்மோ பொருத்தப்பட்டது. ஆகவே, அந்தப் பலனில் அனுபவமுள்ள குழுவுக்கும் பங்குண்டு என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

தகவலில்லாமல் காத்திருப்பதன் வலியை எங்கள் சமூகத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் உறவினர்கள் தயங்காமல் கேட்கவேண்டியவை இவை: இருதயம் தேறக்கூடிய நிலையில் உள்ளதா? எத்தனை நாளில் மறுபடி மதிப்பிடுவீர்கள்? தேறாவிட்டால் அடுத்த வழி என்ன? எந்த நிலையில் நிறுத்துவீர்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் பெறுவது குடும்பத்தின் உரிமை.