சூட்கேஸில் வந்த ராம்

ஊருக்குக் கிளம்ப ஒரு மாசம் இருக்கும்போதே லிஸ்ட் வந்துவிடும். கோடாலித் தைலம், சாக்லேட், பெரியம்மாவுக்கு முட்டிக்குத் தடவும் களிம்பு. சிங்கப்பூரில் இருக்கும் நம்மாட்களுக்கு இது புதுசில்லை. கொஞ்ச வருஷமாக எங்கள் வீட்டு லிஸ்டில் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்திருக்கிறது. அனுப்புவது அக்கா பையன், மேல்கோட்டையிலிருந்து.

மேல்கோட்டை தெரியாதவர்களுக்கு: ராமானுஜர் பல வருஷம் தங்கியிருந்த திருநாராயணபுரம்தான் அது. மைசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். 1939ல் மண்டியா தனி மாவட்டமாகும் வரை மைசூர் மாவட்டத்தில்தான் இருந்தது. தெருவில் கன்னடம், எங்களைப் போன்ற வீடுகளில் உள்ளே தமிழ். மலை மேலே நரசிம்மர், கீழே கல்யாணி, நடுவில் புளியோதரை. இந்த ஊரில் கேமிங் பிசியா என்று சிரிக்காதீங்க. கணினியைக் கொண்டு சமஸ்கிருத இலக்கணத்தை அலசும் வேலை அங்கிருக்கும் சமஸ்கிருத ஆராய்ச்சி நிறுவனத்தில் 1990களிலேயே நடந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். "இங்கே வாங்கிக் கொண்டுபோனால் லாபமா?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கு. ஒரு காலத்தில் லாபம்தான், அதுவும் கொள்ளை லாபம். அது ஏன் குறைந்தது என்று தெரிந்தால் பெட்டியில் எதற்கு இடம் ஒதுக்குவது என்பதும் தெரிந்துவிடும்.

ஐபிஎம் 1978ல் இந்தியாவை விட்டுக் கிளம்பியது. 1981ல் அது அமெரிக்காவில் பிசியைக் கொண்டுவந்தபோது அவசர அவசரமாகக் கடையில் கிடைத்த பாகங்களை வைத்தே கட்டியது. பிராசசர் இன்டெல்லுடையது, டாஸ் மைக்ரோசாஃப்டுடையது. ஐபிஎம் தன்னுடையது என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது பயாஸ் ஒன்றைத்தான். அதையும் காம்பேக்காரர்கள் காப்பியடிக்காமல் புதுசாக எழுதி 1982ல் அறிவித்துவிட்டார்கள். 1984ல் பீனிக்ஸ் என்ற கம்பெனி அதேபோல் ஒரு பயாஸ் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்க ஆரம்பித்தது. தைவான்காரர்கள் மதர்போர்டு அடித்துத் தள்ளினார்கள். கழற்றி மாட்டும் கம்ப்யூட்டர் நமக்குக் கிடைத்தது இந்த வழியில்தான். யாரும் தர்மமாகக் கொடுத்ததில்லை.

அதே 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்தது. பாகங்களை இறக்குமதி செய்வது கொஞ்சம் சுலபமானது. அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது நம்ம சென்னை ஆள். ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் சிவசங்கரன், வெளியிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி 'சிவா பிசி' என்று சுமார் 33,000 ரூபாய்க்கு விற்றார். மற்றவர்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்த காலம். 'அசெம்பிள்டு' என்றால் மட்டம் என்று மூக்கைச் சுளித்தவர்கள்கூட விலையைக் கேட்டதும் வாயைத் திறக்கவில்லை.

ஆனாலும் வரி விடவில்லை. 1991-92ல் இந்தியாவின் உச்சபட்ச சுங்கவரி 150 சதவீதம். 1995-96ல் இறங்கி இறங்கி 50க்கு வந்தது. அப்போதும் சிங்கப்பூரில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் ஊரில் எவ்வளவுக்குப் போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. ராம் என்பது சீப்பு அளவு. எடை கிடையாது, விலையோ பவுன் கணக்கு. 90களில் ஊருக்குப் போன எத்தனையோ சூட்கேஸ்களில் புடவை மடிப்புக்கு நடுவே ராம் போயிருக்கிறது. (யார் யார் என்று பெயர் சொல்ல மாட்டேன்!)

அந்த வியாபாரத்தின் தலைநகரம் சிம் லிம் ஸ்கொயர். 1987ல் திறந்த கட்டிடம். சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கிவிட்டு நடந்தே போய்விடலாம். கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் விலைப்பட்டியல் தாள்களை நாலு கடையில் எடுத்து, காபிக்கடையில் பரப்பி வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு சடங்கு. வெள்ளிக்கிழமை தாளில் இருந்த விலை ஞாயிற்றுக்கிழமை இருக்காது.

பட்ஜெட் கேமிங் என்ற கலை பிறந்ததும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். 1998 ஆகஸ்டில் இன்டெல் ஒரே நேரத்தில் இரண்டு சிப் விட்டது. பென்டியம் டூ 450 மெகாஹெர்ட்ஸ், 669 டாலர். செலரான் 300ஏ, 149 டாலர். செலரான் ஏழைக்கு என்று செய்தது. ஆனால் முந்தைய செலரானில் இல்லாத கேஷ் நினைவகம் இதில் சிப்புக்குள்ளேயே இருந்தது, 128 கேபி. பையன்கள் என்ன செய்தார்கள்? மதர்போர்டின் பஸ் வேகத்தை 66லிருந்து 100க்கு மாற்றினார்கள். பெருக்கும் எண் 4.5. நூறு பெருக்கல் நாலரை, நானூற்றைம்பது! பெரும்பாலான சிப்புகள் முணுமுணுக்காமல் ஓடின. 149 டாலர் சிப் 669 டாலர் சிப்போடு தோளுக்குத் தோள் நின்றது. 2000ல் ஏஎம்டி சிப்புகளில் இன்னும் வேடிக்கை. மேலே தெரியும் சின்னச் சின்ன இணைப்புகளைப் பென்சிலால் கோடு போட்டு இணைத்தால் பூட்டு திறந்துகொள்ளும். பென்சிலில் இருக்கும் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், அவ்வளவுதான் ரகசியம். நூறு டாலர் மிச்சம் பண்ண எட்டணா பென்சில்.

இனிதான் முக்கியமான கட்டம். 1996 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் முதல் அமைச்சர்கள் மாநாடு நடந்தது. எங்கே? சிங்கப்பூரில்! கணினிகள், பாகங்கள், சிப்புகளுக்கு இறக்குமதி வரியே வேண்டாம் என்ற தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் அங்கேதான் உருவானது. 1997ல் இந்தியாவும் சேர்ந்தது. வரியைப் படிப்படியாகக் குறைத்து 2005க்குள் இல்லாமல் செய்தது. உள்நாட்டு வரிகள் தனிக்கதை. ஆனால் சூட்கேஸ் லாபத்தின் அஸ்திவாரம் ஆடிவிட்டது. அந்த ஒப்பந்தத்தை உருவாக்கிய ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு, அது தெரியாமல் நாம் ராம் சுமந்துகொண்டிருந்தோம் என்பது எனக்கு எப்போதும் சிரிப்பு.

வரி இறங்க இறங்க ரிச்சி ஸ்ட்ரீட்டும் பெங்களூர் எஸ்பி ரோடும் களைகட்டின. மேல்கோட்டை வீட்டுக்கு முதல் பிசி வந்தது 2001ல், எஸ்பி ரோட்டிலிருந்து, பஸ்ஸில், அத்திம்பேர் மடியில். டியூரான் பிராசசர், 128 எம்பி ராம். அதற்கப்புறம் ராம் கூடியது, ஹார்ட் டிஸ்க் மாறியது, மானிட்டர் தட்டையானது. ஒரு மழைக்கால மின்வெட்டில், கேபினட்டோடு கொசுறாக வந்த எஸ்எம்பிஎஸ் உயிரை விட்டபோது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. ஸ்டிக்கரில் 450 வாட் என்று போட்டிருந்தது. உள்ளே அவ்வளவு இல்லை. அப்போதிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: மிச்சம் பிடிப்பது எதில் வேண்டுமானாலும் இருக்கலாம், பவர் சப்ளையில் கூடாது.

இப்போது அக்கா பையன் கதை. அவன் தேர்ந்தெடுத்தது ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட். இதற்குக் காரணம் கேட்டேன். "மாமா, 2018ல வந்த பி450 போர்டுல, பயாஸ் அப்டேட் பண்ணா, 2022ல வந்த 5800எக்ஸ்3டி கூட உட்காரும். சிப்பை மட்டும் மாத்தினா போறும்" என்றான். உண்மைதான். 2017ல் ரைசனோடு பிரபலமான அந்த சாக்கெட் மாதிரி நீண்ட ஆயுள் அண்மைக் காலத்தில் வேறெதற்கும் வாய்க்கவில்லை. பழைய போர்டு வாங்கி, சின்ன சிப் போட்டு, காசு சேரும்போது பெரிசாக்குவது. அத்திம்பேர் செய்ததேதான்.

கார்டை இங்கிருந்து கொண்டுபோகலாமா? பாருங்க: சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 2024லிருந்து 9 சதவீதம். இந்தியாவில் பாகங்களுக்கு 18. வித்தியாசம் ஒன்பதுதான். 2026 தொடக்கம் வரை இருந்த 2016 பேக்கேஜ் விதிகளில் ஐம்பதாயிரம் ரூபாய் வரை வரியில்லாமல் இருந்தது, வயது வந்தவருக்கு ஒரு லேப்டாப் தனிச்சலுகை. கார்டு லேப்டாப் ஆகாது, பொதுக்கணக்கில்தான் வரும். விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் சுங்கத்துறை அறிவிப்பைப் பார்த்துக்குங்க. இதற்கு மேல் வாரன்டி இருக்கிறது. பல கார்டுகளுக்கு வாங்கிய நாட்டில்தான் செல்லும். கார்டு போனால் அவன் கூரியரில் அனுப்ப, நான் கடைக்கு அலைய, திரும்ப யாராவது ஊருக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்பது சதவீதம் அதிலேயே கரைந்துவிடும். 2021ல் கிரிப்டோ தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனபோது எங்கே கிடைத்தாலும் வாங்கு என்ற நிலை இருந்தது. 2022 செப்டம்பரில் எதீரியம் அந்த முறையைக் கைவிட்டதும் அந்த வெறி அடங்கியது.

அதனால் கார்டை எஸ்பி ரோட்டிலேயே பில்லோடு வாங்கச் சொல்லி, பணத்தை அனுப்பிவிட்டேன். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு நினைவகத்தைத் திருப்பிவிட்டதில் ராம் விலை உலகம் முழுக்க எகிறியது. 2025 டிசம்பரில் மைக்ரான் தன் குரூஷியல் பிராண்டு ராமைக் கடைகளுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. உங்கள் அலமாரியில் பழைய டிடிஆர்4 ராம் சும்மா கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஊரில் யாருக்காவது ஆகுமா என்று கேட்டுவிடுங்க. இன்னமும் அது சீப்பு அளவுதான், புடவை மடிப்பில் தாராளமாக இடமிருக்கும்.